நேற்று நாலு தடவை செத்தேன் என்றான் என் மகன்

போன ஆடி மாதம் என் மகன் தினேஷைப் போலீசார் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கையில் ஒட்டிய மாவோடு ஜீப் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடினேன். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அண்ணாமலையாரை நம்பி நடக்கும் சொந்தங்களே, என் பெயர் வசந்தா. செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் சமையல் செய்கிறேன். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. சாமியிடமும் அதே வாய்தான். இதில் எங்கேயாவது மரியாதை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். பௌர்ணமிக் கூட்டத்தில், தன்னைவிட மூத்த பையன்கள் இரண்டு பேரோடு தினேஷ் பைக்கில் போயிருக்கிறான். ஸ்கூட்டியில் வந்த ஒரு அம்மாவின் கையிலிருந்து போனைப் பறித்திருக்கிறார்கள். அந்த அம்மா வண்டியோடு கீழே விழுந்து கை எலும்பு முறிந்துவிட்டது. பைக் ஓட்டியது வேறு ஒருவன், திட்டம் போட்டது வேறு ஒருவன். ஆனால் பின்னால் உட்கார்ந்து கையை நீட்டியவன் என் மகன்தான்.

பெரியவர்கள் இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போனார்கள். இவன் வயது குறைந்தவன் என்பதால், பக்கத்து மாவட்டத்தில் உள்ள கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். வழக்கு முடியும் வரைக்கும் சிறுவர்களை அடைத்துவைக்கும் இடம் அது. ஜாமீன் கேட்டோம். வெளியே விட்டால் மறுபடி அந்தக் கூட்டத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுவான் என்று மறுத்துவிட்டார்கள்.

முதல் முறை பார்க்கப் போனபோதே அவன் பேசவில்லை. புது இடம், வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் முறையும் பேசவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாரத்துக்கு ஒரு தடவை போன் பேச விடுவார்கள். நான் பேசுவேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சை நம்பி நான் சாப்பாடு, மழை, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இதில் கொடுமை என்னவென்றால், என்னைத் தவிர எல்லோருக்கும் அவன் மௌனம் பிடித்திருந்தது.

"உங்க பையனால ஒரு தொந்தரவும் இல்லம்மா. தங்கமான புள்ள. இருக்கிற எடமே தெரியல" என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர். கொஞ்சம் கம்மியாகச் சாப்பிடுகிறான், அவ்வளவுதானாம். கத்துகிற பையன், கதவை உதைக்கிற பையன், இவர்களைத்தான் அவர்கள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். இவன் மூலையில் உட்கார்ந்து வற்றிக்கொண்டிருந்தான்.

ஊரில் என் நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"அண்ணி, நீங்க எதுக்கு அழுவுறீங்க? புள்ள மௌனத்துல உக்காந்துட்டான். இந்த மண்ணு அப்படி. எத்தினி மகானுங்க வாய மூடிக்கினு இருந்த ஊரு இது. நம்ம வம்சத்துக்கே நல்லதுதான்."

அவளை என்ன சொல்வது? எங்கள் ஊரில் பேசாமல் இருப்பவனுக்குக் கிடைக்கிற மரியாதை பேசுகிறவனுக்குக் கிடைக்காது. எங்கள் விடுதியிலேயே சிலர் 'மௌனத்தில் இருக்கிறேன்' என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள். சாம்பாரில் காரம் ஜாஸ்தி என்பதை மட்டும் இரண்டு கையாலும் காட்டுவார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருந்து மௌனத்தைத் தேடி விமானம் ஏறி வருகிறார்கள். நானோ ஒரு மௌனத்தை விரட்டச் சொல்லி மலையைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை தோறும் கிரிவலம் போனேன். வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். "ஐயா, நீ மலை. நீ எத்தினி யுகம் வேணும்னாலும் பேசாம உக்காந்திரு. என் புள்ள மனுசன். அவன் வாயத் தொற."

புரட்டாசியில் அங்கே வரும் மனநல ஆலோசகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவனுக்கு வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது, நாங்கள் பக்கத்திலேயே இருந்து கவனிக்கிறோம், நீங்களும் வருவதை நிறுத்தாதீர்கள் என்றார். திரும்பி வரும் பேருந்தில் என் வேண்டுதல் மாறிவிட்டது. பேச்சும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம் என்றேன். அவன் உயிரை மட்டும் எனக்குப் பிச்சை போடு என்றேன். அன்றிலிருந்து என் வாயில் வேறு வார்த்தையே வரவில்லை. உயிர், உயிர், உயிர். வெங்காயம் நறுக்கும்போதும் அதுதான்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு கனவு வந்தது. அந்த இல்லத்தின் முற்றத்தில் நம் மலை வந்து உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு பெரிய மலை அந்தச் சின்ன முற்றத்தில் எப்படியோ அடங்கியிருக்கிறது. பையன்கள் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். தினேஷ் மட்டும் சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். மலை மெல்ல எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றும் பேசவில்லை. விழித்தபோது தலையணை ஈரமாக இருந்தது, ஆனால் நெஞ்சில் பாரம் கொஞ்சம் குறைந்திருந்தது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, விடுதியில் மதியச் சமையல் முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. எப்போதும் போல நானே ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள், "அம்மா" என்று கேட்டது.

குரல் கரகரவென்று இருந்தது. அழுதிருக்கிறான் என்று நினைத்தேன்.

"சொல்லுடா. சொல்லுடா கண்ணு."

"நேத்து நாலு தடவ செத்தேம்மா."

"என்னடா சொல்ற?"

"நாலு தடவ. ஒவ்வொரு வாட்டியும் பாஷாதாம்மா..."

போன் கட்டாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து என் பிள்ளை வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்.

பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டேன். இல்லத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தேன். ஒருவர் எடுத்தார். "பையன் நல்லா இருக்காம்மா. அமைதியா இருக்கான்" என்றார். அமைதியாக இருக்கிறான் என்றதும் போனை வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்குச் சொன்னேன். அவர் வந்து, ஆலோசகரிடம் பேசியதாகவும், பயப்பட ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னதாகவும், ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னார். பயப்பட ஒன்றும் இல்லையாம். செத்தேன் என்று சொன்னது யார் காதில் விழுந்தது? என் காதில் அல்லவா விழுந்தது.

வீட்டில் உட்கார முடியவில்லை. செருப்பில்லாமல் கிளம்பிவிட்டேன். அன்று கிரிவலத்தில் கூட்டமே இல்லை. மழை விட்டிருந்தது. மேகம் மலையில் பாதிக்கு மேல் இறங்கி, உச்சி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சாலையிலிருந்து ஆவி எழுந்தது. என் கால்கள் தாமாகப் போய்க்கொண்டிருந்தன. நான் அவற்றின் மேல் உட்கார்ந்து போவது போல இருந்தது.

எம லிங்கத்தின் முன்னால் மட்டும் கால் நின்றுவிட்டது. ஆயுள் வேண்டி எல்லோரும் கும்பிடும் இடம். நான் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று சண்டை போட்டேன்.

"உயிரக் குடுன்னு கேட்டா, நாலு தடவ சாக உட்டியா? யாருய்யா அந்த பாஷா? அவன் கைய ஒட."

சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேன். பூசாரி எட்டிப் பார்த்துவிட்டு, விபூதித் தட்டோடு சத்தமில்லாமல் உள்ளே திரும்பிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. தூறல் விழுந்தது. ஒரு மயில் சாலையைக் கடந்து போனது. நடுவில் கொஞ்ச தூரம், தினேஷ் நாலு வயதுப் பிள்ளையாக என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வருவது போலவே இருந்தது. கீழே கையைப் பார்க்கப் பயந்து, பார்க்காமலேயே நடந்தேன். மலை என்னோடு கூடவே வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது.

அடி அண்ணாமலை ஊர் வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சாலை ஓரத்துக் காலி இடத்தில் சில பையன்கள் சேற்றில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்து காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் காதில் விழுந்தது.

"டேய் முருகா, நீ செத்துட்டடா. வெளிய போ."

நிமிர்ந்து பார்த்தேன். முருகன் என்பவன் சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்து, என் பக்கத்திலேயே குந்தினான். உடம்பெல்லாம் சேறு. கொஞ்ச நேரத்தில் எதிர்த்தரப்பிலிருந்து 'சடுகுடு, சடுகுடு' என்று பாடிக்கொண்டு வந்தவனை முருகன் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் சேர்ந்து அமுக்கிப் பிடித்தார்கள். உடனே உள்ளேயிருந்து ஒருவன் இவனைப் பார்த்துக் கை காட்டினான்.

"முருகா, ஒனக்கு உயிர் வந்துடுச்சு. உள்ள வா."

எழுந்தவனின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். பயந்துபோனான் பாவம்.

"தம்பி, யாருப்பா ஒனக்கு உயிர் குடுத்தது?"

"அதோ, அவன் புடிச்சான் இல்லீங்களா, அவந்தாங்க. அந்தாண்ட ஒருத்தன் செத்தா, இந்தாண்ட செத்தவன் ஒருத்தன் எழுந்து வரலாம்."

"நீ ஒண்ணுமே பண்ணலியே?"

"செத்தவன் இன்னாங்க பண்றது? சும்மா உக்காந்துகினு இருக்க வேண்டியதுதான். கூட ஆடறவங்கதான் உயிர் வாங்கித் தரணும்."

அவன் ஓடிவிட்டான். நான் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் பிறந்து வளர்ந்தது டவுனில். பெண் பிள்ளை என்று என்னை எந்த விளையாட்டுக்கும் விட்டதில்லை. டிவியில் கபடி பார்த்திருக்கிறேன், அதில் அவுட் என்பார்கள். இந்தப் பேச்சு எனக்குத் தெரியாது. நாலு தடவை செத்தேன் என்றால் நாலு தடவை ஆடப் போயிருக்கிறான். ஒவ்வொரு வாட்டியும் பாஷாதான் என்றால், பாஷாதான் அவனுக்கு உயிர் வாங்கிக் கொடுத்திருக்கிறான். நான் கையை ஒடிக்கச் சொன்ன அதே பாஷா.

உயிர் கொடு என்று ஒரு மாதமாகக் கேட்டேன். கேட்ட அதே வார்த்தையில் பதில் வந்துவிட்டது. மேகம் கொஞ்சம் விலகி மலையின் தோள் தெரிந்தது. நான் வாய்விட்டு அழுதேன். அந்தப் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அன்றுதான் பரிமளா மிஸ்ஸைப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. ஒரு காலத்தில் மாவட்ட அணியில் ஆடியவராம். சாயங்காலங்களில் இல்லத்துக்கு வந்து பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அந்த இல்லத்தில் நல்ல மைதானம் உண்டு. விளையாட விட்டால் அடித்துக்கொள்வார்கள் என்று பயந்து அதைப் பூட்டியே வைத்திருந்தார்கள். இவர் பேசிப் பேசித் திறக்க வைத்திருக்கிறார்.

"அம்மா, சத்தம் போடற பசங்களப் பத்தி எனக்குக் கவல கம்மி. இவனப் பத்திதான் ஜாஸ்தி" என்றார். "ஆடுடான்னு நான் சொல்லல. கோட்டுக்குள்ள வந்து நில்லு, போதும்னேன். மரம் மாதிரி நின்னான். தொட்டாங்க, செத்தான், வெளிய வந்து உக்காந்தான். ஆனா உயிர் வந்துடுச்சு உள்ள வான்னு பசங்க கூப்ட்டா, உள்ள வந்தே ஆவணும் இல்லியா? அப்படிக் கூப்பிடறதுக்காகத்தான் இவன நிக்க வெச்சேன்."

எனக்கு அந்த இடத்தில் மிஸ்ஸின் காலில் விழலாம் போலிருந்தது. என்னைவிட வயதில் சின்னவர், கூச்சப்படுவார் என்று விட்டுவிட்டேன்.

தினேஷ் வந்து உட்கார்ந்தான். முட்டியில் சிராய்ப்பு. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட தாய் நானாகத்தான் இருப்பேன். அன்று அவன் கிசுகிசுப்பாக, மெல்ல மெல்லச் சொன்னான். வாயைத் திறந்தால், அந்த அம்மா கீழே விழுந்தபோது கத்திய சத்தம்தான் தன் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று பயமாம். அதனால்தான் மூடியே வைத்திருந்தானாம். ஆட்டத்தில் யாராவது பாடிக்கொண்டு வரும்போது அந்தச் சத்தம் காதில் கேட்பதில்லையாம். சாயங்காலம் ஓடிவிட்டு வந்தால் தூக்கம் வருகிறதாம்.

"நீ பாடினியாடா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லம்மா. பயமா இருக்கு."

அவனைக் கட்டிக்கொண்டேன். பயமாக இருக்கிறது என்று சொல்லக்கூட ஒரு வாய் வேண்டும் அல்லவா?

பாஷாவையும் பார்த்தேன். எங்கள் டவுன் பையன்தான். ஒல்லியாக, காது பெரிதாக இருந்தான். அவனைப் பார்க்க யாரும் வரவில்லை. நான் கொண்டுபோன கொய்யாப்பழத்தில் பாதியை அவனுக்குக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டான். எம லிங்கத்தின் வாசலில் அவனைப் பற்றி நான் பேசியதை எப்படிச் சொல்வது? சாப்பிடுப்பா என்றேன்.

அதற்குப் பிறகும் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சில வாரம் அதே கிசுகிசுப்பில் பேசுவான், சில வாரம் மறுபடி மூச்சு மட்டும் கேட்கும். ஆலோசகரும் விடாமல் பார்த்துக்கொண்டார். நானும் செவ்வாய்க்கிழமைகளை விடவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு. பேருந்து சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் இல்லத்தின் மதில் ஓரமாகக் காத்துக்கொண்டிருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. சடுகுடு, சடுகுடு, சடுகுடு என்று ஆழமான, கனமான குரல். இழுத்துப் பிடித்த மூச்சில் விடாமல் வந்துகொண்டே இருந்தது. அடேயப்பா, யாரோ பெரிய ஆள் ஆடுகிறார் என்று நினைத்தேன். மிஸ்ஸோடு வந்த யாராவதாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே நின்றேன். திடீரென்று எல்லாப் பையன்களும் ஒன்றாகக் கத்தினார்கள். தினேஷ், தினேஷ், தினேஷ் என்று.

அவன் பேசாமல் இருந்த மாதங்களில் அவன் குரல் உடைந்திருக்கிறது. என் பிள்ளை ஆண்பிள்ளையாக ஆகியிருக்கிறான், அது யார் காதிலும் விழவில்லை. பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டு, அந்தக் குரலைப் பிறந்த பிள்ளையின் அழுகையைக் கேட்பது போலக் கேட்டேன்.

தை மாதம் அவனை நிபந்தனையோடு எங்களிடம் அனுப்பினார்கள். இப்போது பள்ளிக்குப் போகிறான். மாதம் ஒரு முறை ஆலோசகரிடம் போகிறோம். சாயங்காலம் அடி அண்ணாமலைப் பையன்களோடு ஆடுகிறான். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவனாகவே சொன்னான். நன்னடத்தை அலுவலர் மூலமாகக் கேட்டிருக்கிறோம். அவர்கள் பார்க்கச் சம்மதித்தால் போவோம், இல்லையென்றால் அதையும் அவன் சுமக்கத்தான் வேண்டும். பாஷா இன்னும் உள்ளேதான் இருக்கிறான். மாதம் ஒரு ஞாயிறு நானும் என் வீட்டுக்காரரும் அவனைப் பார்க்கப் போகிறோம். என் செவ்வாய்க்கிழமை வேண்டுதலில் இப்போது அவன் பெயரும் உண்டு.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது பிள்ளை உள்ளே இருக்கலாம். வெளியில் சொல்ல முடியாமல் மென்று விழுங்கிக்கொண்டிருப்பீர்கள். பிள்ளை அமைதியாக இருக்கிறான் என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பார்க்கப் போகும்போது சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்காமல், இன்று என்ன விளையாடினாய் என்றும் கேளுங்கள். விளையாட விடவில்லை என்றால் விடச் சொல்லிக் கேளுங்கள். மலையிடமும் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். செத்தவன் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், உயிர் வாங்கித் தர ஆட்களை அனுப்புவது அவர் வேலை. எனக்கு அனுப்பினார். உங்களுக்கும் அனுப்புவார்.

போன வாரம் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். அடுப்படியில் நான் தாளித்துக்கொண்டிருக்கிறேன், தினேஷ் பின்னாலேயே நின்று முந்தின நாள் ஆட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்கிறான். எண்ணெய் காய்கிறது, எனக்குக் கடுகு டப்பா கிடைக்கவில்லை. "கொஞ்ச நேரம் வாய மூடேண்டா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன அடுத்த நொடி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடி, மலையைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். பிறகு உள்ளே வந்து, "அப்புறம் இன்னாடா ஆச்சு, சொல்லு" என்றேன்.